அன்றைய நாளுக்கான வசனம்

தமிழ்ப் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களின் வீடுகளில் காலை ஜெபத்தின்போது வாசிக்கப்படும் நாள் வசனமும், டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையின் முடிவில் சபையார் எடுத்துச் செல்லும் வாக்குத்தத்த அட்டையும், நாட்காட்டித் தாளில் தேதிக்குக் கீழே அச்சிடப்படும் வேத வாக்கியமும் ஒரே பழக்கத்தின் வெவ்வேறு வடிவங்கள். வாக்குத்தத்தம் என்பது கடவுள் மனிதருக்குக் கொடுத்த உறுதிமொழியைக் குறிக்க வேதாகமத் தமிழ் வழங்கும் சொல். அவ்வுறுதிமொழிகளுள் ஒன்றை ஒரு நாளைக்கோ ஓர் ஆண்டுக்கோ தனக்குரியதாக ஏற்றுக்கொண்டு, அதை நினைவில் வைத்தபடியே வேலைக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போய்வருவதுதான் இப்பழக்கத்தின் சாரம். இறையியல் கற்றவர்கள் சிலர் இதைச் சற்று இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. அவர்களுடைய ஐயத்தில் நியாயமும் இருக்கிறது. எனினும் இப்பழக்கத்துக்கு ஏறத்தாழ 300 ஆண்டு வரலாறு உண்டு என்பதும், அவ்வரலாற்றில் தெளிவாகத் தெரிகிற கண்ணி ஒன்று ஜெர்மனியின் கிழக்கு ஓரத்திலுள்ள ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூர் என்பதும், அவ்வூரின் கதைக்குள் தரங்கம்பாடி இருமுறை வந்துபோகிறது என்பதும் பலர் அறியாதவை.

ஹெர்ன்ஹூட் 1722இல் உருவானது. மொராவியாப் பகுதியில் தம் நம்பிக்கைக்காக ஒடுக்கப்பட்டு எல்லை கடந்து வந்த புராட்டஸ்டன்ட் குடும்பங்களுக்கு, நிக்கோலஸ் லுத்விக் ஃபான் சின்சென்டார்ஃப் என்னும் இளம் பிரபு சாக்சனியில் இருந்த தம் பண்ணை நிலத்தில் குடியேற இடம் கொடுத்தார். 1700இல் பிறந்த சின்சென்டார்ஃப் சிறுவயதில் ஹாலே நகரில் ஃபிராங்கே நடத்திய பள்ளியில் பயின்றவர். அந்த ஃபிராங்கேயின் ஆதரவில்தான் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் 1706 முதல் தரங்கம்பாடியில் பணி செய்துவந்தார்கள் என்பதால், அங்கிருந்து வரும் செய்திகளைக் கேட்டபடியே அந்த மாணவர் வளர்ந்தார். தொலைதூர நாடுகளின் மீது அவருக்கிருந்த ஈடுபாட்டின் தொடக்கத்தில் ஒரு தமிழ்க் கடற்கரை இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

குடியேறியவர்கள் விரைவிலேயே தங்களுக்குள் சண்டையிடத் தொடங்கினார்கள். வெவ்வேறு சபை மரபுகளிலிருந்து வந்தவர்கள், ஒரே நம்பிக்கைக்காக வீட்டைத் துறந்தவர்கள், வழிபாட்டு முறையையும் உபதேச நுட்பங்களையும் முன்னிட்டு ஒருவரையொருவர் சந்தேகித்தார்கள். 1727 மே மாதத்தில் சின்சென்டார்ஃப் ஊருக்கான ஒழுங்குகளை வகுத்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 13 அன்று பக்கத்து ஊரான பெர்தல்ஸ்டார்ஃப் தேவாலயத்தில் நடந்த திருவிருந்து வழிபாட்டில் பிளவுகள் ஆறி மனங்கள் ஒன்றின என்று மொராவிய சபையார் இன்றளவும் அந்த நாளை நினைவுகூர்கிறார்கள். அதே மாத இறுதியில் ஆண்கள் 24 பேரும் பெண்கள் 24 பேரும் நாளின் ஒவ்வொரு மணி நேரத்தையும் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டு, எப்போதும் யாராவது ஒருவர் ஜெபத்தில் இருக்கும்படியான ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். தலைமுறைகள் மாறியும் நூறாண்டுக்கு மேல் இது தொடர்ந்தது என்பது அச்சபையின் மரபுவழிச் செய்தி. இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது அதன் அடக்கமே: ஒருவரிடம் கேட்கப்பட்டது ஒரு மணி நேரம் மட்டும், மீதி 23 மணி நேரமும் மற்றவர்கள் தனக்காகவும் ஊருக்காகவும் விழித்திருக்கிறார்கள் என்னும் நினைவோடு அவர் தன் தறியையோ ஏரையோ கவனிக்கலாம்.

நாள் வசனமும் இந்தச் சூழலிலேயே பிறந்தது. 1728 மே 3 அன்று மாலைப் பாடல் வேளையின் முடிவில் சின்சென்டார்ஃப் மறுநாள் முழுவதும் மனத்தில் வைத்திருக்கும்படி ஒரு சிறு வாக்கியத்தை ஊராருக்குக் கொடுத்தார். அதன்பின் ஒவ்வொரு நாளும், வேத வசனமோ பாடலின் அடியோ எதுவாயினும், அன்றைய வாக்கியத்தை ஒருவர் ஊரிலிருந்த 32 வீடுகளுக்கும் எடுத்துச் சென்று வாசலில் சொல்வதும், அப்படியே அந்த வீட்டாரின் நலத்தை விசாரிப்பதும் வழக்கமாயிற்று. நோயாளி யார், மனம் சோர்ந்திருப்பவர் யார், யாரோடு யார் பேசுவதில்லை என்பதெல்லாம் இந்த நடையில் தெரியவரும். வசனமும் விசாரிப்பும் ஒரே வாயிலிருந்து வந்தன என்பதை மறந்துவிட்டால் இப்பழக்கத்தின் பாதி கை நழுவிப்போகும்.

இவ்வாக்கியத்துக்கு ஜெர்மன் மொழியில் வழங்கிய பெயர் லோசுங். இரவுக் காவலில் இருக்கும் படைவீரர் தம்மவரை இனங்காண ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அடையாளச் சொல்லைக் குறிப்பது அது. சீட்டு, குலுக்கல் என்னும் பொருள்தரும் லோஸ் என்ற சொல்லின் சாயலும் அதில் உண்டு. 1731ஆம் ஆண்டுக்குரிய வசனங்கள் முன்கூட்டியே தொகுக்கப்பட்டு நூலாக அச்சாயின. அன்று தொடங்கிய தொடர் இன்றுவரை ஆண்டுதோறும் வெளிவருகிறது, 60க்கு மேற்பட்ட மொழிகளிலும் கிடைக்கிறது. இப்போதைய முறைப்படி ஹெர்ன்ஹூட்டில் ஒரு கிண்ணத்தில் எண்ணிட்ட சீட்டுகளை வைத்து, ஏறத்தாழ 1,800 பழைய ஏற்பாட்டு வசனங்களிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றைச் சீட்டெடுத்துத் தீர்மானிக்கிறார்கள். பிறகு அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றைச் சிந்தித்துத் தேர்ந்து, ஒரு பாடலின் பகுதியையோ சிறு ஜெபத்தையோ மூன்றாவதாகச் சேர்க்கிறார்கள். மொழிபெயர்ப்புக்கும் அச்சுக்கும் காலம் வேண்டியிருப்பதால் சீட்டெடுப்பு மூன்றாண்டு முன்னதாகவே முடிந்துவிடுகிறது.

சீட்டுப் போடுதல் என்றவுடன் கிளி ஜோசியம் நினைவுக்கு வந்தால் அதில் வியப்பில்லை. பழைய மொராவியர் சீட்டைக் கடவுளின் சித்தம் அறியும் வழியாகவே நம்பினார்கள். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீடர்கள் சீட்டுப் போட்டுத் தெரிந்துகொண்டதை அப்போஸ்தலர் நடபடிகள் சொல்வதை மேற்கோள் காட்டி, சபைப் பொறுப்புகளுக்கு மட்டுமல்லாமல் திருமணத்துக்கும்கூடச் சீட்டெடுத்தார்கள். திருமணச் சீட்டு 19ஆம் நூற்றாண்டில் இளையோரின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அது போனதில் யாருக்கும் இழப்பில்லை. ஆனால் நாள் வசனத்துக்கான சீட்டு வேறு வகைப்பட்டது. அது இன்னாருக்கு இன்னது நடக்கும் என்று சொல்வதில்லை; வாசிப்பவர் தன் விருப்பத்துக்கேற்ற வசனத்தைத் தானே பொறுக்கிக்கொள்ளும் வழியை அடைக்கிறது. கோபத்தில் இருப்பவருக்கு மன்னிப்பைப் பற்றிய வசனம் வரும். களிப்பில் இருப்பவர் புலம்பல் வசனத்தைச் சந்திக்க நேரும். தன் மனநிலைக்கு ஒத்துப்பாடும் வாக்கியத்தைத் தேடி எடுப்பவருக்குக் கிடைப்பது தன் குரலின் எதிரொலிதான். தேடாமல் வந்த சொல்லோடு ஒரு நாள் மல்லுக்கட்டுபவருக்கு வெளியிலிருந்து ஏதோ ஒன்று கிடைக்க வாய்ப்புண்டு.

அந்த மல்லுக்கட்டுக்கு வேதாகமமே ஒரு சொல் வைத்திருக்கிறது. முதலாம் சங்கீதம் வேதத்தை இரவும் பகலும் தியானிப்பவனைப் பாக்கியவான் என்கிறது. அங்கே தியானம் என்று தமிழில் வருவதற்கு எபிரெய மூலத்தில் உள்ள வினை ஹாகா. வாய்க்குள் முணுமுணுப்பது என்பதே அதன் முதற்பொருள். ஏசாயா நூல் இதே வினையை இரைமீது உறுமும் சிங்கத்துக்கும், முனகும் புறாவுக்கும் பயன்படுத்துகிறது. ஆகவே தியானம் என்பது கண்ணை மூடி மௌனத்தில் ஆழ்வது என்று பொதுவாகக் கொள்ளப்படும் பொருளைவிட, ஒரே வாக்கியத்தை நாவில் புரட்டிப் புரட்டிச் சுவைப்பதற்கே இச்சொல் நெருக்கமானது. 12ஆம் நூற்றாண்டுத் துறவியான இரண்டாம் கீகோ, வாசித்தல், அசைபோடுதல், வேண்டுதல், இறைமுன் அமைந்திருத்தல் என்று நான்கு படிகளை வகுத்ததும் இந்தப் பழைய வழக்கத்தின் நீட்சியே. பாத்திரம் துலக்கும்போதோ பேருந்துக்குக் காத்திருக்கும்போதோ காலை வசனத்தை முணுமுணுக்கும் ஒரு தாய், அறிந்தோ அறியாமலோ, சங்கீதக்காரன் சொன்னதை அப்படியே செய்கிறாள்.

ஒரு நாளைக்கு ஒன்று என்னும் அளவும் வேதாகமத்துக்குப் புதிதன்று. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா என்னும் உணவு அன்றன்றைக்குரிய அளவாகவே கிடைத்தது என்றும், மறுநாளைக்கென்று சேர்த்துவைத்தது புழுத்துப்போனது என்றும், ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்க அனுமதி இருந்தது என்றும் யாத்திராகமம் 16ஆம் அதிகாரம் கூறுகிறது. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் உணவுக்கான வேண்டுதலிலும் இதே அளவு தெரிகிறது; அங்கு வரும் எபியூசியோஸ் என்ற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் அந்த ஜெபத்தைத் தவிர வேறெங்கும் வராததால், இன்றைக்குரிய உணவா, நாளைக்குரிய உணவா, உயிர்வாழத் தேவையான உணவா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எப்படிக் கொண்டாலும் ஓர் ஆண்டுக்கான நெல்லைக் கேட்கும் ஜெபம் அல்ல அது.

வாக்குத்தத்த அட்டைகளின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஹாலே மரபைச் சேர்ந்த போகாட்ஸ்கி 1718இல் வெளியிட்ட பொன் கருவூலப் பெட்டி என்னும் சிறு நூல் முதல் இன்றைய வண்ண அட்டைகள் வரை, வசனங்களைத் தனித்தனியாகப் பிரித்துத் தருவது வசதியானது. ஆனால் பிரித்தெடுக்கும்போது வேர்மண் உதிர்ந்துவிடுகிறது. எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் தரும் திட்டம் தம்மிடம் இருப்பதாகக் கடவுள் கூறும் எரேமியா 29:11 புத்தாண்டு அட்டைகளில் பெரிதும் விரும்பப்படும் வசனம். வேலையையும் திருமணத்தையும் வெளிநாட்டு விசாவையும் மனத்தில் வைத்தே பலர் அதைப் பெற்றுக்கொள்கிறார்கள். அதற்கு நேர் முந்தைய வசனத்தை யாரும் அட்டையில் அச்சிடுவதில்லை. பாபிலோனில் 70 ஆண்டுகள் முடிந்த பிறகே மீட்பு என்று அது சொல்கிறது. அதாவது அக்கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் சொந்த ஊரைக் காணாமலே இறப்பார்கள். விரைவில் திரும்பிவிடலாம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை நம்ப வேண்டாம் என்று எச்சரித்துவிட்டு, அந்நிய நகரத்தில் வீடு கட்டவும், தோட்டம் போடவும், அந்நகரத்தின் நலனுக்காக ஜெபிக்கவும் எரேமியா சிறைப்பட்டவர்களுக்கு எழுதுகிறார். சூழலோடு சேர்த்து வாசிக்கும்போது இந்த வசனத்தின் ஆறுதல் குறைந்துவிடுவதில்லை. கிடைக்காத ஒன்றுக்காகக் காத்திருப்பவருக்கு அட்டையில் உள்ளதைக் காட்டிலும் உறுதியான பிடிமானம் அதில் இருக்கிறது. புலம்பல் நூலில் காலைதோறும் புதிதாகும் இரக்கத்தைப் பற்றிய புகழ்பெற்ற பகுதியும் எரிந்துபோன எருசலேமின் நடுவிலிருந்து எழுந்த குரல் என்பது இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது. 88ஆம் சங்கீதமோ இருளைச் சொல்லியே முடிகிறது. அதை யாரும் எந்த அட்டையிலும் கண்டிருக்க வாய்ப்பில்லை.

வசனம் பாதுகாப்புச் சீட்டு அல்ல என்பதை மொராவியர் தமிழ்க் கரையிலேயே கற்றார்கள். 1760இல் அவர்களில் ஒரு குழுவினர் தரங்கம்பாடிக்கு வந்து, நகருக்கு வெளியே சகோதரர் தோட்டம் எனப் பெயர்பெற்ற குடியிருப்பை அமைத்தார்கள். நிக்கோபார் தீவுகளில் பணி செய்வதே அவர்களுடைய நோக்கம். ஏற்கெனவே அங்கிருந்த ஹாலே மிஷனரிகளோடு மனத்தாங்கல் ஏற்பட்டது. நிக்கோபாருக்குச் சென்றவர்களில் பலர் காய்ச்சலுக்குப் பலியானார்கள். 18ஆம் நூற்றாண்டு முடியுமுன் அத்தீவுப் பணியும், சில ஆண்டுகள் கழித்துத் தரங்கம்பாடிக் குடியிருப்பும் கைவிடப்பட்டன. நாள் வசனத்தை அன்றாடம் வாசித்துவந்த சபையின் மக்கள்தான் அவர்களும்.

லோசுங் நூலை 20ஆம் நூற்றாண்டில் மிகக் கடினமான சூழலில் பயன்படுத்தியவர்களில் ஒருவர் ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிஷ் போன்ஹோஃபர். அவருடைய தாய் இளமையில் சில மாதங்கள் ஹெர்ன்ஹூட்டில் தங்கியவர். மொராவிய மரபில் வந்த செவிலித்தாய் ஒருவர் அவர் வீட்டில் இருந்தார். 1939 ஜூனில் நண்பர்களின் ஏற்பாட்டால் நியூயார்க்கில் பாதுகாப்பாக இருந்த போன்ஹோஃபர், அங்கேயே இருப்பதா, போர் சூழும் தாய்நாட்டுக்குத் திரும்புவதா என்று தவித்தபடி ஒவ்வொரு நாளும் நாள் வசனங்களைத் தம் நாட்குறிப்போடு சேர்த்து எண்ணிப்பார்த்தார். அம்மாத இறுதியில், குளிர்காலத்துக்கு முன்பாகத் தன்னிடம் வந்துசேரும்படி தீமோத்தேயுவைப் பவுல் கேட்டுக்கொள்ளும் வரி தற்செயலாகக் கண்ணில் பட்டது. அதைத் தமக்குச் சொல்லப்பட்டதாகக் கொள்வது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகாது என்று எழுதிக்கொண்டார். கவனமான இறையியலாளரான அவருக்கே அந்தக் கேள்வி உறுத்தியிருக்கிறது. ஆயினும் வசனம் அவருக்காக முடிவெடுக்கவில்லை. ஏற்கெனவே முற்றிவந்த முடிவு அதில் தன் சொல்லைக் கண்டுகொண்டது. ஜூலைத் தொடக்கத்தில் அவர் கப்பலேறினார்.

1943 ஏப்ரலில் கைதாகி பெர்லினின் டேகல் சிறையில் அடைக்கப்பட்ட பின்பும் அவர் அந்நூலை விடவில்லை. இத்தாலியில் படைப்பணியில் இருந்த நண்பர் எபர்ஹார்ட் பெத்கேயும் அதே நாளில் அதே வசனத்தை வாசிப்பார் என்பதால், குறிப்பிட்ட நாள்களின் வசனங்களுக்குச் சிந்தனைக் குறிப்புகள் எழுதி அனுப்பினார். 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றது; அச்சதியோடு தொடர்புடைய போன்ஹோஃபருக்கு அது மரணச் செய்தி. அன்றைய வசனங்கள் இரதங்களையும் குதிரைகளையும் நம்புவோரைப் பற்றிய 20ஆம் சங்கீதத்திலிருந்தும், கடவுள் தம் பக்கம் இருக்கையில் எதிர்நிற்பவர் யார் என்று கேட்கும் ரோமர் நிருபத்திலிருந்தும் அமைந்திருந்தன; மறுநாளுக்கு 23ஆம் சங்கீதத்தின் மேய்ப்பன் வந்தான். அந்த இரு நாள்களின் வசனங்களில் தாம் கண்ட மகிழ்ச்சியை ஜூலை 21 கடிதத்தில் பெத்கேவுக்குத் தெரிவித்தார் போன்ஹோஃபர். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார். அந்த ஜூலை நாள்களுக்கான வசனங்கள் வெகு முன்பே சீட்டில் எடுத்து அச்சிடப்பட்டவை. தப்பிப் பிழைத்த தலைவருக்காக ஜூலை 21 காலை கடவுளுக்கு நன்றி சொன்ன ஜெர்மன் வீடுகளிலும் அதே பக்கமே திறந்திருக்கும்.