எந்தப் பாடம் அறிவியல் கணக்கில் சேரும்?

அமெரிக்காவில் மருத்துவம் படிக்க விரும்புவோர் பொதுவாக நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்ற பிறகே மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள். பட்டத்துக்கு எந்தத் துறையையும் எடுக்கலாம். வரலாறு படித்தவரும் இசை படித்தவரும் மருத்துவராக முடியும். அதனால் கல்லூரிகள் மொத்தச் சராசரியோடு நிற்பதில்லை. அறிவியல் பாடங்களில் மாணவர் எப்படித் தேறினார் என்பதையும் தனியாகப் பார்க்கின்றன. அந்தத் தனிச் சராசரிதான் அறிவியல் ஜிபிஏ.

எம்.டி. பட்டம் தரும் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் இதை நடத்துகிறது. கல்லூரியில் எடுத்த ஒவ்வொரு பாடத்தையும் மாணவரே பதிந்து, அதன் வகையையும் குறிக்க வேண்டும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்கும் அறிவியல் கணக்கு. இவற்றைச் சேர்த்து பிசிபிஎம் என்பார்கள். மற்றவை எல்லாம் அதற்கு வெளியே.

பாடத்தை நடத்திய துறை எது என்பது இங்கே முடிவு செய்வதில்லை. பாடத்தில் முதன்மையாகக் கற்பிக்கப்பட்டது எது என்பதே அளவுகோல். உளவியல் துறை நடத்தினாலும் புள்ளியியல் பாடம் கணிதத்தில் சேரும். நரம்பியல், மரபியல், நுண்ணுயிரியல், உடலியங்கியல் ஆகியவை உயிரியலுக்குள் வரும். உயிர்வேதியியல் வேதியியலிலும், வானியல் இயற்பியலிலும் அடங்கும். ஆனால் உளவியல், கணினி அறிவியல், பொறியியல், புவியியல்சார் பாடங்கள், செவிலியம், பொதுச் சுகாதாரம் போன்றவை அறிவியல் வாசனை வீசினாலும் பொதுவாக வெளியிலேயே நிற்கும். இரவு பகலாகப் பொறியியல் படித்த மாணவருக்கு இது மனக்குறைதான். குழப்பம் வருவது எல்லையில் நிற்கும் பாடங்களில். 'மூளையும் நடத்தையும்' என்று ஒரு பாடம் இருந்தால், பெயரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வகுப்பில் பெரும்பகுதி நரம்புச் செல்களின் இயக்கத்தைப் பற்றியதா, மனிதர் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியதா என்று பாடத்திட்டத்தைப் புரட்டித்தான் தீர்மானிக்க வேண்டும். எனவே பழைய பாடத்திட்டங்களைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது நல்லது.

இந்த வகைப்பாடு எண்ணை எவ்வளவு அசைக்கும் என்பதை ஒரு சிறு கணக்கில் காணலாம். ஏ கிரேடுக்கு 4 புள்ளி, பி கிரேடுக்கு 3. இதைப் பாடத்தின் எடையான கிரெடிட்டால் பெருக்க வேண்டும். நான்கு கிரெடிட் உயிரியலில் ஏ, நான்கு கிரெடிட் கரிம வேதியியலில் பி வாங்கியவருக்கு 8 கிரெடிட்டில் 28 புள்ளி, சராசரி 3.50. உளவியல் துறையில் எடுத்த மூன்று கிரெடிட் புள்ளியியலில் அவர் ஏ வாங்கியிருந்து, அதைக் கணிதமாகக் குறித்தால் 11 கிரெடிட்டில் 40 புள்ளி, சராசரி 3.64 ஆகிறது. துறையின் பெயரைப் பார்த்து அதை விட்டுவிட்டால் நியாயமாகக் கிடைக்க வேண்டியது கைநழுவிப் போகும்.

அதற்காக நல்ல கிரேடு வாங்கிய பாடத்தையெல்லாம் அறிவியலுக்குள் தள்ளுவது முறையல்ல, பலிக்கவும் பலிக்காது. ஆம்காஸ் ஊழியர்கள் கல்லூரி அனுப்பும் டிரான்ஸ்கிரிப்டோடு ஒவ்வொரு பதிவையும் ஒப்பிட்டு, பொருந்தாத வகையை மாற்றிவிடுவார்கள். மாற்றம் தவறென்று மாணவர் கருதினால் திருத்தம் கோரலாம். பாடத்திட்டம் அப்போது துணை நிற்கும். ஒரு பாடத்தில் தவறி மறுபடி எடுத்திருந்தால் இரண்டு கிரேடுகளும் கணக்கில் ஏறும். தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் மதிப்பிடப்பட்ட பாடங்கள் சராசரியில் சேராது.

எல்லா விண்ணப்பச் சேவைகளுக்கும் ஒரே விதி இல்லை. ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளுக்கான ஆகோமாஸ் சேவை அறிவியல் சராசரியில் கணிதத்தைச் சேர்ப்பதில்லை. இரண்டுக்கும் விண்ணப்பிப்பவர் ஒரே பாடப் பட்டியலுக்கு இரு வேறு எண்களைக் காண்பார்.

இந்தியாவில் பட்டம் முடித்து அங்கே போனவர்களுக்கு நிலைமை வேறு. அமெரிக்க அல்லது கனடியக் கல்லூரி ஏதேனும் அந்தப் பாடங்களுக்குக் கிரெடிட் வழங்கியிருந்தால் அல்லாமல், வெளிநாட்டில் வாங்கிய மதிப்பெண்கள் ஆம்காஸ் ஜிபிஏவில் சேர்வதில்லை.