குற்றமும் குணமும்: பீர் வகைமைகளும் சுவைமதிப்பீட்டு மொழியும்

ஆய்வுச் சுருக்கம்

சிறு ஆலைகளில் உருவாகும் கிராஃப்ட் பீரைச் சுவைத்து மதிப்பிடும் முறை கடந்த அரை நூற்றாண்டில் வளர்ந்து நிலைபெற்றுள்ளது. அம்முறையில் ஒரு மணமோ சுவையோ குற்றமா குணமா என்பது அந்தப் பீர் எவ்வகைமையைச் சார்ந்தது என்பதைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. வகைமைகளை உருவாக்கியதில் ஆலையாளர்களுக்கு நிகரான பங்கு சுவைத்து எழுதியோர்க்கும் உண்டு என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. அம்மதிப்பீட்டு மொழியைத் தமிழில் கொள்ளுங்கால் எழும் சிக்கல்களையும் வாய்ப்புகளையும் சுட்டுகின்றது.

திறவுச்சொற்கள்: பீர், வகைமை, சுவைமதிப்பீடு, சுவைச்சொற்கள், துவர்ப்பு, தேறல், கலங்கல்

முன்னுரை

தெற்கு ஜெர்மனியின் கோதுமைப் பீரை முகர்ந்து பார்க்கும் நடுவர் ஒருவர், அதில் வாழைப்பழ மணம் இருப்பின் அதனைச் சிறப்பாகக் குறித்து மதிப்பெண் வழங்குவார். அவரே சற்று நேரம் கழித்துச் செக் நாட்டுப் பில்ஸ்னரில் அம்மணத்தைக் கண்டால், நொதித்தலில் பிழை நேர்ந்துள்ளது என எழுதி மதிப்பெண்ணைக் குறைப்பார். இரண்டிலும் மணத்திற்குக் காரணமான பொருள் ஒன்றே. ஐசோஅமைல் அசிட்டேட் என்னும் அச்சேர்மத்தை ஈஸ்ட் தன் வளர்ச்சியின்போது உண்டாக்குகின்றது. ஒரே பொருள் ஓரிடத்தில் குணமாகவும் பிறிதோரிடத்தில் குற்றமாகவும் கொள்ளப்படுவது ஏன் என்பதே பீர் மதிப்பீட்டின் அடிப்படை வினா. இதற்கு வேதியியல் மட்டும் விடை தருவதில்லை. விடை, ‘ஸ்டைல்’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் கருத்தாக்கத்தில் உள்ளது. இலக்கிய ஆய்வில் பழகிய ‘வகைமை’ என்னும் சொல்லே அதற்கு மிக நெருங்கியது என்பதால் இக்கட்டுரையில் அச்சொல் ஆளப்படுகின்றது.

வகைமை தோன்றிய வரலாறு

நீர், முளைகட்டி உலர்த்திய தானியமாகிய மால்ட், ஹாப்ஸ் பூ, ஈஸ்ட் ஆகிய நான்குமே பெரும்பாலான பீர்களுக்கு மூலப்பொருள்கள். மால்ட்டை எவ்வளவு வறுப்பது, ஹாப்ஸை எப்போது இடுவது, எந்த ஈஸ்ட்டை எவ்வெப்பநிலையில் நொதிக்க விடுவது என்பனவற்றால் வேறுபாடுகள் பிறக்கின்றன. மிதமான வெப்பத்தில் விரைந்து நொதிப்பன ஏல் எனவும், குளிர்ச்சியில் மெல்ல நொதித்து நாள்பட முதிர்வன லாகர் எனவும் இரு பெரும் பிரிவுகளாக வழங்கும்.

போர்ட்டர், பேல் ஏல், பில்ஸ்னர் முதலிய பெயர்கள் பழையனவே. ஆயினும் அவை தொழிற்பெயராகவும் ஊர்ப்பெயராகவும் வணிகப்பெயராகவும் கலந்து வழங்கினவேயன்றி, ஒரு முறைமைக்குள் வைத்து எண்ணப்படவில்லை. 1977-இல் வெளிவந்த ‘தி வேர்ல்ட் கைட் டு பீர்’ என்னும் நூலில் ஆங்கில இதழாளர் மைக்கேல் ஜாக்சன் உலகின் பீர்களை வகைமைகளாகப் பகுத்து விளக்கினார். (பாடகர் மைக்கேல் ஜாக்சனோடு இவரைக் குழப்பிக்கொள்வோர் இன்றும் உளர், இவர் 2007-இல் மறைந்தவர்.) அதற்கு அடுத்த ஆண்டில் அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிப்பதைக் கூட்டரசு அளவில் அனுமதிக்கும் சட்டம் நிறைவேறியது. வீட்டில் தயாரிக்கத் தொடங்கியோர்க்கு முன்மாதிரிகள் தேவைப்பட்டன. தாம் ஒருபோதும் அருந்தியிராத பெல்ஜிய, ஆங்கிலேயப் பீர்களை அவர்கள் முதலில் நூலில் படித்தனர். பின்னர்த் தம் அடுக்களையில் ஆக்கிப் பார்த்தனர். அவர்களுள் பலர் பின்னாளில் சிறு ஆலைகளைத் தொடங்கினர்.

இலக்கியம் தோன்றிய பின்னரே இலக்கணம் தோன்றும் என்பது தமிழ் மரபு நன்கறிந்த கருத்து. பீரின் வரலாற்றில் அவ்வரிசை பாதியளவே பொருந்துகின்றது. ஜாக்சன் கண்டவற்றுக்கு இலக்கணம் வகுத்தார். அவ்விலக்கணத்தைப் படித்தோர் அதற்கேற்பப் புதியன ஆக்கினர். வழக்கொழிந்து கொண்டிருந்த வகைமைகள் சில மீண்டும் உயிர்பெற்றமைக்கு இதுவும் ஒரு காரணம். பாட்டியல் நூல்கள் வகுத்த உறுப்புகளைப் பின்பற்றிப் பிள்ளைத்தமிழும் உலாவும் பெருகியதை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

வகைமைக்குத் துணையாகச் சொல்லப்படும் தோற்றக் கதைகள் அனைத்தும் நம்பத்தக்கன அல்ல என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. இந்தியா பேல் ஏல் என்பது நீண்ட கடற்பயணத்தில் கெடாதிருத்தற்பொருட்டே புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்னும் கதை பீர் மதிப்புரைகளில் ஓயாது திரும்ப வருகின்றது. ஹாப்ஸ் மிகுத்த வெளிர்நிற ஏல்கள் இங்கிலாந்தில் அதற்கு முன்பே இருந்தன. போர்ட்டரும் அதே கடல்வழியே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. கதையின் எளிமையே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் எனலாம்.

மதிப்பெண் தாளும் சுவைச் சக்கரமும்

வீட்டுத் தயாரிப்பாளர்க்கான போட்டிகள் பெருகியபோது நடுவர்க்குப் பொதுவான அளவுகோல் வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 1985-இல் பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டம் (பி.ஜே.சி.பி.) தொடங்கப்பெற்றது. அதன் மதிப்பெண் தாள் 50-க்கு அமைந்தது: மணத்திற்கு 12, தோற்றத்திற்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்திற்கு 10. நுரையின் வெண்மையும் நிறத்தின் பொலிவும் விளம்பரங்களில் பெறும் இடத்தை நோக்க, தோற்றத்திற்கு மூன்றே மதிப்பெண் என்பது வியப்பளிக்கும். ஆவியாகும் மணங்கள் விரைவில் மறையுமாதலால் முகர்தலே முதலில் நிகழும். ஒயின் சுவைப்போர் பெரும்பாலும் வாயிலிட்டு உமிழ்வர். பீர் நடுவர் சிறிதளவேனும் விழுங்குவர். ஹாப்ஸின் கைப்பு விழுங்கிய பின்னும் நின்று தேயும் விதமும் மதிப்பீட்டில் அடங்கும் என்பதே காரணம்.

எண்களைக் காட்டிலும் சொற்களே கடினமானவை. ஒருவர் ‘வெண்ணெய்’ என்பதை மற்றவர் ‘பால்மிட்டாய்’ என்றால் இருவரும் ஒன்றையே சொல்கின்றனரா என்பது தெளிவாகாது. இச்சிக்கலைத் தீர்க்க டேனிய நாட்டு வேதியியலாளர் மார்ட்டன் மைல்கார்டும் அவருடன் பணியாற்றியோரும் 1979-இல் பீர்ச் சுவைச்சொற்களின் தொகுதியொன்றை வெளியிட்டனர். அதன் சக்கர வடிவப் படம் பெரும்புகழ் பெற்றது. தனித்து அறியத்தக்க ஒவ்வொரு சுவைக்கும் தனிப்பெயர், ஒத்தவற்றுக்கு ஒரே தொகுதி, இயன்றவரை ஒவ்வொரு சொல்லுக்கும் சான்றாக ஒரு வேதிப்பொருள் என்பன அதன் நெறிகள். நல்லது, தீயது போன்ற மதிப்புச் சொற்களுக்கு அதில் இடமில்லை. சுவைச் சக்கரம் ஒயினுக்கே முதலில் உருவாயிற்று எனக் கருதுவோர் உளர்; ஆன் நோபிளின் ஒயின் மணச் சக்கரம் பீருக்குப் பின்னரே வந்தது.

இவ்விரு கருவிகளும் வெவ்வேறு திசைகளை நோக்குவன. சக்கரம் ‘என்ன இருக்கின்றது’ என்று மட்டும் கேட்கின்றது. மதிப்பெண் தாளோ ‘இவ்வகைமையில் இது இருக்கலாமா’ என்று கேட்கின்றது. நல்ல மதிப்புரையில் முதல் வினாவுக்கு விடை கூறிய பின்னரே இரண்டாவது எழும். பெரும்பாலான மதிப்புரைகள் முதலாவதைத் தவிர்த்து நேரே தீர்ப்புக்குச் சென்றுவிடுகின்றன.

குற்றம் குணமாதல்

இதற்கு மிகத் தெளிவான சான்று பிரெட்டனோமைசிஸ் என்னும் ஈஸ்ட். கோபன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் 1883-இல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட் வளர்க்கும் முறையைக் கண்டார். ‘காட்டு’ ஈஸ்ட்டுகளை அகற்றிச் சீரான பீர் ஆக்க இம்முறை வழிவகுத்தது. அதே ஆய்வகத்தின் நீல்ஸ் கிளாசன், ஆங்கிலேயர் மரப்பீப்பாய்களில் நெடுநாள் முதிர வைத்த ஏலின் தனிச்சுவைக்குக் காரணம் வேறொரு ஈஸ்ட்டே என்பதைக் கண்டு 1904-இல் அறிவித்தார். பிரித்தானியப் பூஞ்சை எனப் பொருள்படும் பெயரை அவர் அதற்கு இட்டார். தூய ஈஸ்ட் கொண்டு மட்டும் ஆக்கினால் அச்சுவை வாராது என்பது அவர் கருத்து. எனவே அறிவியல் உலகுக்கு அறிமுகமாகும்போது இவ்வுயிரி குணத்திற்குரியதாகவே அறிமுகமாயிற்று.

முதிர வைக்கும் வழக்கம் குன்றித் தூய்மையே ஆலைகளின் இலக்கானபின், இதன் மணம் தொற்றின் அடையாளமாகக் கருதப்பட்டது. பெல்ஜியத்தில் மட்டும் அது தன் பழைய மதிப்பை இழக்கவில்லை. பிரஸ்ஸல்ஸைச் சூழ்ந்த பகுதியில் லாம்பிக் என்னும் பீரை, கொதித்த சாற்றை அகன்ற திறந்த தொட்டியில் இரவு முழுதும் காற்றில் ஆறவிட்டு, பின்னர் மரப்பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் நொதிக்க விட்டு ஆக்குவர். அங்கு இவ்வீஸ்ட்டின் பங்கு இன்றியமையாதது. ஓர்வால் துறவுமடத்தின் பீரில் அது வேண்டுமென்றே சேர்க்கப்படுகின்றது. இத்தகைய பீர்களைப் பாராட்டும் ஆங்கில மதிப்புரைகளில் ‘குதிரைப் போர்வை’ என்பது நிலைத்த சொல்வழக்கு. வியர்த்த குதிரையின் மேல் இட்ட துணியின் வாடை என்பதே அதன் பொருள். அவ்வாடை சாதாரண லாகரில் சிறிதளவு தோன்றினும் அது கெட்டுவிட்டதென ஒதுக்கப்படும்.

இதற்கு மாறாக, குற்றம் ஒன்று அண்மைக் காலத்திலேயே குணமான வரலாறும் உண்டு. தெளிவு நெடுங்காலம் பேல் ஏல் வகைகளுக்குரிய இலக்கணமாக இருந்தது. கலங்கல் நிலை அக்கறையின்மையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ‘தி ஆல்கெமிஸ்ட்’ ஆலையின் ‘ஹெடி டாப்பர்’ போன்றவை வடிகட்டப்படாது கலங்கிய தோற்றத்துடனேயே பெரும் விருப்பைப் பெற்றன. கோதுமை, ஓட்ஸ் ஆகியவற்றின் புரதமும் மிகுதியாக இட்ட ஹாப்ஸின் பாலிஃபீனால்களும் பிணைவதால் இவற்றில் கலக்கம் நிலைக்கின்றது. கைப்பு குறைந்து பழமணம் மேலோங்கி நிற்கும். பழைய அளவுகோலின்படி மதிப்பிட்டால் இவற்றுக்குத் தோற்றத்தில் மதிப்பெண் குறையும். ஆனால் அருந்துவோர் இவற்றுக்காக வரிசையில் நின்றனர். அமெரிக்க ஆலையாளர் சங்கம் 2018-இல் தன் வகைமைப் பட்டியலில் இவற்றுக்குத் தனி இடம் அளித்தது, பி.ஜே.சி.பி.யின் 2021 நெறிமுறைத் தொகுப்பிலும் கலங்கிய ஐ.பி.ஏ. ஒரு வகைமையாக இடம்பெற்றது. பீர் மாறவில்லை, அதனை அளக்கும் பெயர் வந்ததும் குற்றம் இலக்கணமாயிற்று.

எனில் எல்லாக் குற்றங்களும் வெறும் வழக்காறுகளே என்று கொள்ளுதல் பொருந்தாது. பழைய பீரில் எழும் நனைந்த அட்டை வாடையையும், ஒளி பட்ட பீரில் ஹாப்ஸின் கைப்புப் பொருள்கள் சிதைந்து எழுப்பும் துர்நாற்றத்தையும் இலக்கணமாக்கி நிலைபெற்ற வகைமை காணப்படவில்லை. தயாரித்தவரின் விருப்பத்தால் வருவதற்கும் சேமிப்பின் கேட்டால் வருவதற்கும் உள்ள வேறுபாடு இங்கே எல்லைக்கோடாகின்றது.

தமிழில் சுவைச்சொற்கள்

இம்மதிப்பீட்டு மொழியைத் தமிழில் கொள்ளும்போது முதலில் தோன்றுவது ஒரு நன்மை. கைப்பையும் துவர்ப்பையும் ஆங்கிலம் பேசும் புதிய சுவைஞர் அடிக்கடி மயங்குவர். பயிற்சி வகுப்புகளில் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டத் தனியே முயல வேண்டியுள்ளது. அறுசுவையுள் துவர்ப்பைத் தனிச்சுவையாக எண்ணும் தமிழர்க்கு நெல்லிக்காயும் வாழைப்பூவும் அதனை முன்பே கற்பித்துள்ளன. தானிய உமியிலிருந்து மிகுதியாக இறங்கிய டேனின்களால் ஒரு பீர் நாவை உலர்த்துமாயின் ‘துவர்க்கின்றது’ என்னும் ஒரு சொல் போதும். எனினும் பீர் மதிப்பீட்டில் துவர்ப்பு சுவையின்கீழ் அன்றி வாயுணர்வின்கீழ் வைக்கப்படும் என்பதை மொழிபெயர்ப்போர் மறத்தலாகாது.

மணத்திற்குரிய சொற்களில் இந்நன்மை குறைவு. ‘நாற்றம்’ சங்க இலக்கியத்தில் பூவின் மணத்தையும் குறித்தது. இன்று அது தீய வாடையை மட்டுமே குறிப்பதால், சக்கரம் வேண்டும் நடுநிலைச் சொல்லாக அதனை ஆள இயலாது. ‘மணம்’ நன்மையின் பக்கம் சாய்கின்றது. ‘வாடை’ ஓரளவு நடுவில் நிற்கின்றது. உவமைகளோ வட்டாரத்திற்கு உரியன. கோதுமைப் பீரின் கிராம்பு மணமும் வாழைப்பழ மணமும் தமிழ் வாசகர்க்கு விளக்கம் வேண்டாதவை. டைஅசிட்டைலுக்கு ‘வெண்ணெய்’ பொருந்தும். ‘நெய்’ என எழுதின் உருக்கியபோது எழும் வேறு மணங்களை நினைவூட்டிப் பிழைபடும். ‘குதிரைப் போர்வை’யை அப்படியே பெயர்த்தால் சொல் வரும், மணம் வாராது. தொழுவத்தின் ஈர வைக்கோல், வியர்வை ஊறிய தோல்வார் முதலிய உள்ளூர் அனுபவங்களிலிருந்து புதிய சான்றுகளைத் தேர்ந்து, மைல்கார்டு செய்தவாறே உரிய வேதிப்பொருளோடு ஒப்பிட்டு உறுதிசெய்தலே ஏற்ற வழி.

உவமையால் மதுவை மதிப்பிடும் மரபு தமிழுக்குப் புதிதன்று. நாள்பட்ட தேறலின் வேகத்தைத் தேளின் கடுப்போடு ஒப்பிடுகின்றது புறநானூறு. சிறுபாணாற்றுப்படை அதற்குச் சினந்த பாம்பை உவமையாக்குகின்றது. தானிய மதுவும் சங்க நூல்களில் இடம்பெறுகின்றது. நெல்லால் ஆக்கிய கள்ளே தோப்பி என்பர் உரையாசிரியர். வலைஞர் குடியிருப்பில், குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆற்றி, அடையைக் கலந்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிவதைப் பெரும்பாணாற்றுப்படை வரிசையாகக் கூறுகின்றது. ஹாப்ஸ் இல்லையேனும், தானியத்தின் மாவுப்பொருளை நொதிக்கச் செய்யும் முறையால் இது பீரின் இனத்ததே.

தெளிந்தது தேறல், தெளியாதது கலங்கல் என்னும் பெயர்ப்பகுப்பும் அவ்விலக்கியத்திலேயே உண்டு. புறநானூற்றின் 298-ஆம் பாட்டில் வீரன் ஒருவன், வேந்தன் தமக்குக் கலங்கலைத் தந்து தான் தேறலை உண்டதை நினைவுகூர்ந்து, இன்றோ போரில் ‘முந்துக’ எனத் தம்மை ஏவாதிருக்கும் அவனை நொந்துகொள்கின்றான். கலங்கலை இழிந்ததாகக் கொண்டால் பழைய நாளிலும் வேந்தன் அன்பிலன் ஆவான். களிப்பு மிகுந்த உயர்ந்த மதுவாகக் கொண்டால் அன்று இருந்த அன்பு இன்று இல்லை என்னும் ஆற்றாமை பாட்டின் பொருளாகும்.