குலைக் காம்பில் ஓர் எண்

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர், வெட்டியதைச் சாலையோரம் கொண்டுவந்து அடுக்கியதும் காம்பின் வெட்டுமுகத்தில் தன் எண்ணை எழுதிவைப்பார். பின்னால் கணக்கெடுக்க வருபவர் பழுக்காத குலை ஒன்றைப் பார்த்துவிட்டால், வரிசையில் நிற்கவைத்து விசாரிக்கத் தேவையில்லை. யார் வெட்டியது என்று காம்பே சொல்லிவிடும். ஜொகூரில் தோட்டத்துப் பிள்ளைகளாக வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

கூலாய் பக்கம் அந்தச் செம்பனைக் காடுகளில் சில இப்போது தரவு மையங்களாகிவிட்டன. ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா நிற்பது, முன்பு கூலாய் யங் தோட்டமாக இருந்த நிலத்தில். 2019 முதல் 2022 தொடக்கம் வரை சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தராமல் நிறுத்திவைத்தது. அங்கே எழும்பியிருக்க வேண்டிய கட்டுமானத்தில் ஒரு பங்கு, சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்து இறங்கியது. இத்தகைய மையங்களின் கணினிகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது லினக்ஸ். அதன் உள்மையமான கெர்னலுக்குள்ளும் காம்பில் எண் எழுதும் வேலை ஒன்று நடக்கிறது.

கெர்னல் தன் நினைவகத்தைத் துண்டு போட்டுத் தன் உறுப்புகளுக்குக் கொடுத்தபடி இருக்கும். வலை இணைப்புக்கு ஒரு துண்டு, திறந்த கோப்புக்கு ஒரு துண்டு. வேலை முடிந்ததும் துண்டு திரும்பி வரும். அடுத்த நொடியே வேறொருவர் கைக்குப் போகும். சிக்கல் எங்கே என்றால், துண்டைத் திருப்பிக் கொடுத்தவர் சில நேரம் அதை மறந்துவிட்டுப் பழைய இடத்திலேயே எழுதிவைப்பார். அதற்குள் அங்கே குடிவந்தவரின் கணக்கு கெடும். சற்று நேரம் கழித்து, இதற்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஒருவர் அந்தக் கணக்கை நம்பிக் கவிழ்வார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். கணினி நின்றுபோன இடத்தைப் பார்த்துப் பிழையைத் தேடுகிறவர் பெரும்பாலும் தவறான வீட்டுக் கதவைத்தான் தட்டிக்கொண்டிருப்பார்.

இதற்கு லினக்ஸில் உள்ள வழி ஒன்று ரசிக்கத்தக்கது. துண்டுகளைப் பங்கிடும் பகுதிக்கு ஸ்லப் என்று பெயர். கிறிஸ்டோஃப் லாமெட்டர் எழுதி 2007-இல் சேர்த்தது. அதன் பிழைதேடும் முறையை இயக்கிவிட்டால், திரும்பி வந்த துண்டு முழுவதையும் 107 என்ற எண்ணால் நிரப்பி, கடைசி பைட்டில் மட்டும் 165 வைக்கும். இதற்கு நிரலர்கள் வைத்த பெயர் நஞ்சு. எலிக்கு வைப்பது போலத்தான், தொட்டவன் மாட்டிக்கொள்வான். துண்டின் ஓரத்தில் வரப்பு மாதிரி ஒரு செம்மண்டலமும் உண்டு. துண்டு யாரிடமாவது இருந்தால் அதில் 204, சும்மா கிடந்தால் 187. துண்டை அடுத்து யாருக்காவது கொடுப்பதற்கு முன் கெர்னல் ஒரு பார்வை பார்க்கும். 107 மாறியிருந்தால், திருப்பிக் கொடுத்த பிறகு யாரோ அங்கே எழுதியிருக்கிறார்கள். வரப்பு கலைந்திருந்தால், யாரோ தன் எல்லையைத் தாண்டியிருக்கிறார்கள்.

ஆங்கில எழுத்துக் குறியீட்டில் 107 என்பது சிறிய 'கே'. அதனால் பிழை அறிக்கையின் வலப்பக்கத்தில் கே, கே, கே என்று பாய் விரித்தாற்போல ஓடும். நடுவில் ஒற்றை 'ஜே' எட்டிப் பார்த்தால் அனுபவசாலிகளுக்குப் புரிந்துவிடும். 'ஜே' என்பது 106. ஒன்று குறைந்திருக்கிறது. அப்படியானால், "இந்தப் பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்" என்று எண்ணிவரும் கணக்கிலிருந்து யாரோ ஒருவர், பொருள் செத்த பிறகும் ஒன்றைக் கழித்திருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறியதை வைத்து என்ன வகைத் தவறு என்று ஊகித்துவிடலாம். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர் நினைவுக்கு வருகிறார்.

ஆனால் அறிக்கையின் உயிர், இன்னொரு வசதியை இயக்கினால் கிடைக்கும் இரண்டு வரிகளில் இருக்கிறது. இந்தத் துண்டை வாங்கியது எந்தச் செயற்கூறு, விடுவித்தது எந்தச் செயற்கூறு. எவ்வளவு நேரத்துக்கு முன், எந்தச் செயலாக்கியில், எந்தப் பணி எண்ணின் கீழ். காம்பில் எழுதிய எண் என்று நான் சொன்னது இதைத்தான்.

இவ்வளவு நல்ல அறிக்கை ஒரு காலத்தில் உளறத் தொடங்கியது. காரணம் பாதுகாப்பு. கெர்னலின் நினைவக முகவரிகள் வெளியே தெரிந்தால் தாக்குதல் நடத்துபவருக்கு வரைபடம் கொடுத்த மாதிரி. அதனால் 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பிலிருந்து, வழக்கமான முறையில் அச்சிடும் முகவரிகளை ஒரு ரகசியத் திறவுகோலால் குழப்பி வேறு எண்ணாக மாற்றிக் காட்டினார்கள். ஒரே முகவரி ஒரே எண்ணாகத்தான் வரும். ஆனால் எது முன், எது பின், இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் போய்விட்டது. "இந்த முகவரியிலிருந்து அந்த முகவரி வரை சேதம்" என்று ஸ்லப் எழுதும்போது முடியும் இடம் தொடங்கும் இடத்துக்கு முன்னால்கூட இருக்கலாம். நில அளவைக்காரர் பட்டாவில் எல்லைக் கற்களின் எண்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எழுதினால் எப்படி இருக்கும்!

2021-இல் ஸ்டீபன் பாய்டு என்ற நிரலர் இதைச் சரிசெய்தார். ஸ்லப்பின் பிழைதேடும் முறையை ஒருவர் இயக்கியிருந்தால், முகவரிகளைக் குழப்பாமல் உள்ளபடியே காட்டு என்றது அவர் எழுதிய சிறிய மாற்றம். 5.14 பதிப்பில் அது சேர்ந்தது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. நினைவகத்தின் உள்ளடக்கத்தையே பைட் பைட்டாகக் கொட்டும் அறிக்கையில் முகவரியை மட்டும் மூடிவைப்பது, வீட்டைத் திறந்துபோட்டுவிட்டுக் கதவு எண்ணை மறைப்பது போல. அதே சமயம் கணினி தொடங்கும்போது, நட்சத்திரக் குறிகளால் கட்டம் கட்டிய எச்சரிக்கை ஒன்று திரையில் வரும். நீங்கள் கெர்னலில் பிழை தேடுகிறவர் இல்லையென்றால், இதை உடனே உங்கள் கணினி நிர்வாகியிடம் சொல்லுங்கள் என்று அது கேட்டுக்கொள்ளும்.

இந்த நஞ்சும் வரப்பும் இலவசமல்ல. ஒவ்வொரு துண்டையும் நிரப்பிச் சோதிக்க நேரமும் இடமும் செலவாகும். இரவும் பகலும் மின்சாரத்துக்குக் கணக்குப் பார்க்கும் தரவு மையத்தில் இதை எப்போதும் ஓடவிட யாருக்கும் மனம் வராது. அதனால் 2021-இல் 5.12 பதிப்பில் கேஃபென்ஸ் என்ற இன்னொரு சோதனைமுறை வந்தது. தோட்டத்துச் சோதனைக்காரரும் எல்லாக் குலைகளையும் புரட்டுவதில்லையே. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்ப்பார். கேஃபென்ஸும் அப்படித்தான். இயல்பான அமைப்பில் 100 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரே ஒரு துண்டை எடுத்து, தொட்டாலே அலறும் காவல் பக்கங்களுக்கு நடுவில் வைக்கும். அதற்கு மொத்தம் 255 இடங்கள், ஏறக்குறைய 2 மெகாபைட் போதும். ஒற்றைக் கணினியில் பிழை சிக்க யுகம் ஆகலாம். ஆயிரக்கணக்கில் அடுக்கிவைத்த மண்டபத்தில் எங்காவது ஒன்றில் சிக்கிவிடும்.

ரகசியமா, தெளிவா என்ற பழைய இழுபறிக்குக் கேஃபென்ஸ் ஒரு சமரசம் கண்டிருக்கிறது. துண்டின் ஓரத்தில் கெட்டுப்போன பைட்டுகளைக் காட்டும்போது, கெடாத இடத்துக்குப் புள்ளி, கெட்ட இடத்துக்கு ஆச்சரியக்குறி. எந்த இடத்தில் கை வைத்தார்கள் என்பது தெரியும். என்ன எழுதினார்கள் என்பது, முகவரிகளை உள்ளபடி காட்டச் சொல்லியிருந்தால் மட்டுமே தெரியும்.