கடற்கரை ஊரில் வீடு கட்டத் தகுந்த ஆளைத் தெரிந்தெடுக்கும் விதம்

வீடு கட்டுதல் பெரும்பாலும் ஒரு குடும்பம் தன் ஆயுளில் ஒரே தரம் செய்யும் காரியமாகும். கைப்பணம் போதாமல் அதற்கெனக் கடன் பெறும் அங்கத்தினர் பலர். கடன் தீருமுன்னரே தளத்தின் காரை உதிர்ந்து கம்பி வெளிப்படுமாயின், பழுதான வீட்டுக்காகத் தவணை செலுத்திவரும் துன்பம் அவர்களுக்கு நேரிடும்.

தாமிரபருணி ஆறு கடலில் கலக்குமிடத்திலுள்ள புன்னைக்காயல் போன்ற ஊர்களில் இவ்விஷயத்தில் அதிகக் கவனம் வேண்டும். காரணம் உப்பேயாகும். கடற்காற்று, உவர்நீர், கரை மணல் ஆகியவற்றிலுள்ள உப்பு காங்கிரீட்டினுள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கொள்ளுமாதலால், காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. சுண்ணாம்பு, கல், மரம் இவற்றால் கட்டிய பழைய வீடுகளுக்கு இத்தீங்கு இல்லை. இக்காலத்து வீட்டின் பலமோ கண்ணுக்குத் தெரியாத கம்பியில் இருக்கிறது. ஆகையால் மேற்பூச்சின் அழகைக் கண்டு மேஸ்திரியின் திறமையை மதிப்பிடலாகாது.

முதலாவது, அவர் இதே கரையில் பத்து வருஷங்களுக்கு முன் கட்டிய வீட்டைப் பார்க்கவேண்டும். சன்ஷேடின் அடிப்புறத்திலும் மாடிப்படியின் கீழும் துருக்கறையோ நீளவெடிப்போ உண்டாவென்று கவனித்து, அவ்வீட்டாரையும் விசாரிக்கவேண்டும். புது வீடு இதற்குச் சாட்சியாகாது.

இரண்டாவது, அவரிடம் சில கேள்விகள் கேட்கவேண்டும். எந்தத் தண்ணீரில் காங்கிரீட் கலப்பீர்? 2000-ஆம் வருஷத்து ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு, கம்பியிட்ட காங்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென வரையறுத்தது. கம்பிக்கு வெளியே எவ்வளவு கனம் விடுவீர்? கடற்காற்று நேரே படுமிடங்களுக்கு அத்தொகுப்பு 45 மில்லிமீட்டர் விதித்தது. எத்தனை நாள் நனைப்பீர்? ஏழு நாளுக்குக் குறையலாகாது. வெயிற்காலத்தில் பத்து நாளாவது வேண்டும். "எல்லாம் எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்பவரைவிட, கிணற்று நீரைப் பரிசோதிக்கச் சொல்பவரே மேலானவர்.

மூன்றாவது, கம்பியின் அளவையும் அஸ்திவாரத்தின் ஆழத்தையும் தகுதிபெற்ற இஞ்சினீயரே நிர்ணயிக்கவேண்டும். ஆர்க்கிடெக்ட் என்னும் பெயரைத் தரிக்க, 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவு அவசியம். பதிவெண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. கடலோரத்தில் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் பொருந்துமாதலால், அனுமதி விவரத்தை அஸ்திவாரம் தோண்டுமுன்பே அறிந்துகொள்ளல் நலம்.

நான்காவது, உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும். வேலையின் அளவு, சாமான்களின் தரம், முடிக்கும் காலம் ஆகியவை அதில் விளங்கவேண்டும். அஸ்திவாரம், சுவர், தளம், பூச்சு என்று வேலை முடிய முடியப் பணம் கொடுக்கலாம். முன்பணம் மிகுதியாகக் கொடுக்கலாகாது. தளம் போடுமுன் கம்பியை இஞ்சினீயர் பார்வையிட்ட பின்னரே காங்கிரீட் ஊற்றவேண்டுமென்றும் எழுதிக்கொள்க. வீடு கட்டிக்கொடுத்தல் நுகர்வோர் சட்டத்தில் சேவையேயென்று சுப்ரீம் கோர்ட்டு 1993-இல் தீர்மானித்தது. குறை நேர்ந்தால் பரிகாரம் தேட, இவ்வுடன்படிக்கையும் ரசீதுகளுமே ஆதாரம்.

இஞ்சினீயர் கட்டணம் தனியொருவருக்குப் பாரமாகத் தோன்றலாம். ஒரே சமயத்தில் வீடு கட்டும் அங்கத்தினர் நால்வர் ஐவர் கூடி ஒருவரையே அமர்த்தினால் பாரம் குறையும். நீர்ப் பரிசோதனையையும் அவ்வாறே செய்யலாம். ஊரில் பழுதின்றி நிற்கும் வீடுகளையும் அவற்றைக் கட்டியவர்களையும் சங்கம் ஒரு புஸ்தகத்தில் குறித்துவருமாயின், இனி வீடு கட்டுவோருக்கு அது பேருதவியாகும்.