இருட்டுக்கு ஒரு ஃபார்மட்!

இன்றைய கம்ப்யூட்டர் திரையில் எத்தனை கலர் தெரியும்? 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம். 1990-ல் வந்த அட்டாரி டிடி கம்ப்யூட்டரிடம் இதையே கேட்டால், "640-க்கு 480 திரையா? 16 கலர்தான் சார், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்கும். ஆனால் அந்த 16-ஐ 4096 வண்ணங்களிலிருந்து நாமே பொறுக்கிக்கொள்ளலாம். ஜவுளிக்கடையில் பீரோவையே புரட்டிவிட்டு 16 புடவையோடு வெளியே வருகிற மாதிரி.

மெமரியில் வண்ணம் இருக்காது. வரிசை எண்தான் இருக்கும். 0 முதல் 15 வரை எழுத 4 பிட் போதும். ஒரு பைட்டில் இரண்டு புள்ளி உட்காரும். முழுத் திரைக்கும் 1,53,600 பைட். கச்சிதமான குடித்தனம்!

இதில் லினக்ஸ் ஓட்டுகிற ஆசாமிகள் இன்னும் இருக்கிறார்கள். (பைத்தியமா என்று கேட்காதீர்கள். ஸ்கூட்டரை முப்பது வருஷமாகத் துடைத்து வைத்திருப்பவர் உங்கள் தெருவிலும் இருப்பார்.) திரையைக் கவனிக்கும் டிரைவர்களுக்கு லினக்ஸில் இரண்டு வீடு. பழைய வீடான எஃப்பிடெவ்வில் 2015-லிருந்து புது டிரைவருக்கு இடமில்லை. புது வீடு டிஆர்எம். அங்கே புரோகிராம்கள் சாதாரணமாகக் கேட்பது புள்ளிக்கு 32 பிட். அதிலும் 8 பிட் சும்மா காலி! அதே திரைக்கு இப்போது 12,28,800 பைட். எட்டு மடங்கு. அப்புறம் 3,07,200 புள்ளிகளையும் ஒவ்வொன்றாக 16 கலருக்குள் அமுக்க வேண்டும். அமுக்கப் போவது யார்? 32 மெகாஹெர்ட்ஸ் கிழவர். போதாததற்கு, அட்டாரியில் ஒரு புள்ளியின் 4 பிட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்காது. 16 புள்ளிகளின் முதல் பிட்டெல்லாம் ஒரு கட்டு, இரண்டாவது பிட்டெல்லாம் அடுத்த கட்டு... டிரைவர்தான் பிரித்து அடுக்கணும்.

புது வீட்டில் வரிசை எண் முறைக்கு இருந்த ஒரே ஃபார்மட் சி8, அதாவது 256 கலர். பழைய மோட்டரோலா மெஷின்களுக்கான லினக்ஸைப் பராமரிக்கும் கீர்ட் உய்டர்ஹூவன் 2022-ல் சி1, சி2, சி4 மூன்றையும் சேர்த்தார்: 2, 4, 16 கலர். ஒரு பைட்டுக்குள் எந்தப் புள்ளிக்கு முதல் சீட் என்பது வரை அதில் எழுதியாச்சு. பாதிச் சண்டை அதிலேதான் வரும்!

கூடவே 'டி1' என்று ஒன்று. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். 'டி' என்றால் டார்க்னெஸ், இருட்டு. இதில் 1 என்றால் விளக்கை அணை, 0 என்றால் போடு. கருப்பு-வெள்ளைத் திரைகளில் இப்படித் தலைகீழாக நடப்பவையும் உண்டே, அவற்றுக்காக.

இது கிழட்டு மெஷின்களின் விவகாரம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. இன்று விற்கிற குட்டி ஓஎல்இடி திரைக்கு, 128-க்கு 64 புள்ளி, 1024 பைட் போதும். 32 பிட் கணக்கில் 32,768!

ரேஷன் கார்டில் பேர் ஏறிவிட்டது, சரி. சரக்கு போட வேண்டியது புரோகிராம்கள். அவை இன்னும் பெரும்பாலும் 32 பிட்டில்தான் வரைகின்றன. சி4-ல் நேரடியாக வரைந்து கொடுத்தால்தான் கிழவர் மூச்சு விடுவார்.