டென்னிஸ் ஆடி என்னப்பா பண்ணப் போற? - இந்தக் கேள்விக்கு 'காலேஜ் கோச்'னு ஒரு பதில் இருக்கு!

கடலூர் மஞ்சக்குப்பத்துலயோ, சிதம்பரம் அண்ணாமலை நகர்லயோ தோள்ல கிரிக்கெட் பேட்டோட போனா யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. அதுவே டென்னிஸ் ராக்கெட்னா நாலு பேராவது ஒரு பார்வை பார்ப்பாங்க. வீட்டுக்குள்ள நுழைஞ்சா அடுத்த கேள்வி ரெடியா இருக்கும். "இதை ஆடி என்னப்பா பண்ணப் போற?"

கேட்கிறதுல தப்பே இல்லை. டென்னிஸ் செலவு பிடிக்கிற விளையாட்டு. புரொஃபஷனல் டென்னிஸோட முதல் படி, ஐ.டி.எஃப். நடத்துற எம்15 போட்டிகள். அந்த 15-க்கு என்ன அர்த்தம் தெரியுமா? மொத்தப் பரிசுத்தொகை 15,000 டாலர். ஜெயிக்கிற ஒருத்தருக்கு இல்லைங்க, ஒற்றையர், இரட்டையர்னு ஆடுற எல்லாருக்கும் சேர்த்து. முதல் ரவுண்டுல தோத்தா கைக்கு வர்ற காசு டிக்கெட், ரூம் வாடகைக்கே பத்தாது. உலகத் தரவரிசையில 300, 400-ல இருக்கிற திறமைசாலிகளே கையைக் கடிச்சுக்கிட்டுதான் ஊர் ஊராப் போறாங்க.

அப்போ, ஆடி முடிச்ச பிறகு என்ன? அதுக்கு ஒரு நல்ல பதிலை வாழ்ந்து காட்டினவர் பிரையன் ஷெல்டன். பென் ஷெல்டனைத் தெரியும்ல, ஜெயிச்சதும் போனை வைக்கிற மாதிரி சைகை காட்டி வைரலானாரே, அவரோட அப்பா.

அமெரிக்காவுல அலபாமா மாகாணத்துல ஹன்ட்ஸ்வில்தான் பிரையனோட ஊர். ஜார்ஜியா டெக் கல்லூரியில இன்ஜினீயரிங் படிச்சுக்கிட்டே டென்னிஸ் ஆடினார். புரொஃபஷனலா மாறி, 1991, 1992-னு அடுத்தடுத்து ரெண்டு வருஷம் நியூபோர்ட் புல்தரைப் போட்டியில பட்டம். 1992-ல உலகத் தரவரிசையில 55-வது இடம். 1994 விம்பிள்டன்ல அவருக்கு நேரடி இடம்கூடக் கிடைக்கலை. தகுதிச்சுற்று ஆடி உள்ளே வந்தவர், முதல் ரவுண்டுலயே ரெண்டாம் நிலை வீரரான மைக்கேல் ஸ்டிக்கை நேர் செட்டுல தூக்கிட்டார். ஸ்டிக் 1991 விம்பிள்டன் சாம்பியன்! அந்த முறை நாலாவது ரவுண்டு வரைக்கும் போனார் பிரையன்.

அதுதான் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர்ல அவரோட உச்சம். 'பெரிய' வீரர்கள் லிஸ்ட்டுல அவர் பேர் வராது. ஆனா கதை 1999-ல வேற மாதிரி திரும்புது. தான் படிச்ச அதே ஜார்ஜியா டெக்ல பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரா சேர்ந்தார். 2007-ல அந்த அணி தேசிய கல்லூரி சாம்பியன் ஆச்சு. எந்த விளையாட்டா இருந்தாலும், அந்தக் கல்லூரிக்குக் கிடைச்ச முதல் என்.சி.ஏ.ஏ. அணிப் பட்டம் அதுதான். 2012-ல ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தோட ஆண்கள் அணிக்கு மாறினார். 2021-ல அங்கேயும் பட்டம். பெண்கள் அணி, ஆண்கள் அணி ரெண்டுக்கும் அந்தப் பட்டத்தை வாங்கிக் கொடுத்த ஒரே பயிற்சியாளர் அவர்தான். 2021 ஃபைனல்ல அந்தக் கடைசிப் புள்ளியை ஜெயிச்சுக் கொடுத்தது யாருங்கறீங்க? முதலாமாண்டு மாணவரா இருந்த மகன் பென்.

2023 ஜூன்ல பிரையன் அந்த வேலையை விட்டார். மகனோட உலகம் சுத்திப் பயிற்சி கொடுக்கணுமே!

கோச்னா பந்து போடுறவர் மட்டுமா?

அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் நாம டி.வி-யில பார்க்கிற டென்னிஸ் மாதிரி இருக்காது. அது அணி ஆட்டம். முதல்ல மூணு இரட்டையர் ஆட்டம். அதுல ரெண்டை ஜெயிக்கிற அணிக்கு ஒரு புள்ளி. பிறகு ஆறு ஒற்றையர் ஆட்டம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு புள்ளி. மொத்தம் ஏழு. முதல்ல நாலு எடுக்கிற அணிக்கு வெற்றி. ஆறு கோர்ட்டுலயும் ஒரே நேரத்துல ஆட்டம் நடக்கும், பக்கத்துல நின்னு கத்தி உற்சாகப்படுத்தலாம். விம்பிள்டன் அமைதியெல்லாம் அங்கே எதிர்பார்க்காதீங்க.

இதுல கோச்சோட பெரிய தலைவலி கோர்ட்டுக்கு வெளியே இருக்கு. உதவித்தொகைக் கணக்கு! அங்கே முதல் பிரிவுல ஆண்கள் டென்னிஸ் அணிக்கு ரொம்ப காலமா அனுமதிச்ச முழு ஸ்காலர்ஷிப் 4.5 தான். பெண்கள் அணிக்கு 8. ஒற்றையருக்கே ஆறு பேர் வேணும், கையில இருக்கிறது நாலரை. யாருக்கு முழுசு, யாருக்குப் பாதி, யாருக்குக் கால்னு கோச்தான் பிரிச்சுக் கொடுக்கணும். நம்ம வீட்ல சம்பளம் வந்ததும் அம்மா பிரிப்பாங்களே, அதே கதைதான். (2025-ல இந்த விதிகள் மாறிடுச்சு. பல கல்லூரிகள்ல இப்போ ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்குப் பதிலா, அணியில எத்தனை பேர் இருக்கலாம்ங்கிறதுக்குத்தான் வரம்பு.) இதுபோக, உலகம் முழுக்க ஜூனியர் வீரர்களைத் தேடிப் பிடிக்கணும், அப்பா அம்மாகிட்ட பேசணும், பசங்களோட மார்க்கைக் கவனிக்கணும். சீசன்ல வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல பயிற்சி கொடுக்கக் கூடாதுன்னு விதி வேற இருக்கு.

இப்படி ஒரு அமைப்பு என்ன செய்யும்கிறதுக்கு நம்ம சென்னையிலேயே சாட்சி உண்டு. சோம்தேவ் தேவ்வர்மன். சென்னையில வளர்ந்து, விர்ஜினியா பல்கலைக்கழகத்துல பயிற்சியாளர் பிரையன் போலண்ட்கிட்ட போய்ச் சேர்ந்தார். 2006-ல தேசிய கல்லூரி ஒற்றையர் ஃபைனல்ல தோல்வி. 2007-ல ஜான் இஸ்னரை வீழ்த்திப் பட்டம். 2008-ல மறுபடியும் பட்டம். அடுத்த ஜனவரியில சென்னை ஓப்பன்ல வைல்டு கார்டுல நுழைஞ்சு ஃபைனல் வரைக்கும் போனார். 2010-ல காமன்வெல்த் போட்டித் தங்கம், ஆசிய விளையாட்டுல ஒற்றையர், இரட்டையர்னு ரெண்டு தங்கம். 18 வயசுலயே காலேஜ் வேண்டாம்னு புரொஃபஷனல் பக்கம் ஓடியிருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா? எனக்கு சந்தேகம்தான். சென்னைக்காரர் ஜீவன் நெடுஞ்செழியனும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல ஆடிட்டுதான் புரொஃபஷனல் ஆனார். 2024-ல விஜய் சுந்தர் பிரசாந்தோட சேர்ந்து சீனாவுல ஹாங்சோ ஓப்பன் இரட்டையர் பட்டத்தை ஜெயிச்சாரே, அவர்தான்.

சரி, நம்ம ஊர்ல?

உண்மையைச் சொல்லிடுறேன். 'காலேஜ் டென்னிஸ் கோச் தேவை'ன்னு கடலூர்ல விளம்பரம் வரும்னு காத்திருக்காதீங்க. நம்ம கல்லூரிகள்ல பெரும்பாலும் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு பிசிகல் டைரக்டர்தான். காலையில கபடி, சாயங்காலம் வாலிபால், நடுவுல ஸ்போர்ட்ஸ் டே அழைப்பிதழ் பிரின்ட் பண்ற வேலை வரைக்கும் அவர் தலையிலதான். டென்னிஸுக்குன்னு தனி ஆள் வைக்கிற கல்லூரி அபூர்வம். சோம்தேவ் மாதிரி பசங்க கப்பல்... ஸாரி, ஃபிளைட் ஏறினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனாலும் வழி இருக்கு. சொல்லப்போனா, சிதம்பரத்துக்காரங்களுக்கு அது வீட்டுப் பக்கத்துலயே இருக்கு. 1929-ல தொடங்கின அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல உடற்கல்வித் துறை உண்டு. பிசிகல் டைரக்டர் ஆகணும்னா உடற்கல்வியில முதுநிலைப் பட்டம், அதுல 55 சதவிகித மார்க், கூடவே நெட், செட் தேர்வு அல்லது பிஎச்.டி. வேணும். உடல்தகுதித் தேர்வும் உண்டு. இது உதவிப் பேராசிரியர் வேலைக்குச் சமமான சம்பளம் வர்ற பாதை. 'பி.டி. சார்தானே'ன்னு இளக்காரமாப் பேசுற சொந்தக்காரங்களுக்கு இந்தத் தகவலை ஃபார்வேர்ட் பண்ணுங்க.

டென்னிஸை மட்டும்தான் சொல்லிக்கொடுப்பேன்னு பிடிவாதமா இருந்தா, பாட்டியாலாவுல 1961-ல தொடங்கின தேசிய விளையாட்டு நிறுவனத்தோட பயிற்சியாளர் டிப்ளமோ இருக்கு. ஊர்ல 'என்.ஐ.எஸ். கோச்'னு சொல்றது இவங்களைத்தான். இன்னொண்ணு, அகில இந்திய டென்னிஸ் சங்கம் வழியா நடக்கிற ஐ.டி.எஃப். சான்றிதழ்கள். லெவல் 1 முடிச்சா தொடக்க நிலை, இடைநிலை ஆட்டக்காரங்களுக்கு சொல்லிக்கொடுக்கலாம். அப்புறம் லெவல் 2, லெவல் 3. பெரிய வீரரா இருந்திருக்கணும்னு அவசியமில்லை. ராமநாதன் கிருஷ்ணனை 1960, 1961-னு ரெண்டு விம்பிள்டன் அரையிறுதிக்கு அனுப்பின ஆட்டத்துக்கு அடித்தளம் போட்டது அவரோட அப்பா டி.கே.ராமநாதன். உலகம் அப்பாவை வீரரா நினைவு வெச்சுக்கலை, பிள்ளையோட குருவாத்தான் வெச்சிருக்கு. அடுத்த தலைமுறையில ரமேஷ் கிருஷ்ணனும் உலகத் தரவரிசையில 23 வரைக்கும் போயிட்டு, ஓய்வுக்குப் பிறகு அப்பாவோட சேர்ந்து சென்னையில பயிற்சி மையம் ஆரம்பிச்சார்.

இப்போ காலேஜ்ல படிச்சுக்கிட்டிருக்கீங்களா? உங்க பல்கலைக்கழக டென்னிஸ் அணித் தேர்வு எப்போன்னு பிசிகல் டைரக்டர்கிட்ட இன்னிக்கே கேளுங்க. தென் மண்டல பல்கலைக்கழகப் போட்டி, அதைத் தாண்டினா அகில இந்தியப் போட்டி, 2020-ல இருந்து கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள்னு படிகள் இருக்கு. கபடி, வாலிபால் அளவுக்கு டென்னிஸ் தேர்வுக்குக் கூட்டம் வராது. இதுதான் உங்களுக்குச் சாதகம். சான்றிதழ்களைப் பத்திரமா வைங்க. தமிழ்நாடு அரசு வேலைகள்ல விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித இடஒதுக்கீடு இருக்கு. எந்த அளவுப் போட்டியில பதக்கம் வாங்கினா தகுதின்னு அரசாணையில பார்த்துக்கோங்க.

கோச் ஆகிற ஆசை உண்மையிலேயே இருக்கான்னு சோதிக்க டிப்ளமோ வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சின்னப் பசங்களுக்குன்னே சிவப்புப் பந்து ஒண்ணு இருக்கு. சாதாரண டென்னிஸ் பந்தைவிட 75 சதவிகிதம் மெதுவா வரும், தலைக்கு மேல எகிறாது. அதுக்கு முழு டென்னிஸ் கோர்ட் தேவையில்லை, கிட்டத்தட்ட ஒரு பேட்மின்டன் கோர்ட் அளவு போதும். நெட்டை மட்டும் கீழே இறக்கிக் கட்டணும். தெருவுல இருக்கிற எட்டு வயசு வாண்டுகள் நாலு பேரைக் கூட்டிட்டு வந்து, ஒரு மாசம் சாயங்காலம் தினமும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுங்க. நூறாவது தடவையும் ஒரே ஃபோர்ஹேண்டைத் திருத்தும்போது உங்களுக்கு எரிச்சல் வருதா, இல்லை சிரிப்பு வருதான்னு பாருங்க.