பெங்களூருவில் கொடுமை, ஓசூரில் புகார்: எந்த ஸ்டேஷன் எடுக்க வேண்டும்? சட்டம் சொல்வது என்ன?

ஓசூரில் இருந்து பெங்களூருவுக்கு சுமார் 40 கிலோமீட்டர்தான். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகா வந்துவிடும். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்துக்கொண்டு, வாடகை குறைவு என்று ஓசூரில் குடியிருப்பவர்கள் உண்டு. அந்தப் பக்கம் குடியிருந்து சிப்காட்டுக்கு ஷிஃப்ட் வருபவர்களும் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் கேட்கும் ஊர். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இங்கே மாநில எல்லையைப் பார்த்து நடப்பதில்லை.

கல்யாணத்துக்குக் குறுக்கே வராத அந்த எல்லை, புகார் கொடுக்கப் போகும்போது குறுக்கே வந்து நிற்கும். உதாரணத்துக்கு, ஓசூர் பெண், பெங்களூரு மாப்பிள்ளை. கணவர் வீட்டில் அடி, வசவு, "உங்க அப்பாகிட்ட கார் வாங்கிட்டு வா" என்ற நச்சரிப்பு. தாங்க முடியாமல் அந்தப் பெண் பிறந்த வீட்டுக்கு வந்துவிடுகிறார். புகாரோடு போகும்போது, "சம்பவம் நடந்தது பெங்களூருலம்மா, அங்க போய்க் கொடுங்க" என்று சொல்லி அனுப்பினால் என்ன செய்வது? எந்த வீட்டை விட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாரோ, அந்த வீட்டுப் பக்கமே திரும்பப் போய்த்தான் புகார் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். 2019-ம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது.

அதற்கு முன்பு நிலைமை வேறு

2004-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு தமிழ்நாட்டு வழக்கில் இருந்து தொடங்கினால்தான் இது புரியும். ஒய்.ஆபிரகாம் அஜித் எதிர் காவல் ஆய்வாளர், சென்னை என்பது அந்த வழக்கு. நாகர்கோவிலில் கணவரோடு வாழ்ந்த பெண் சென்னைக்கு வந்து, அங்கே புகார் கொடுத்தார். புகாரில் சொன்ன சம்பவங்கள் எல்லாம் நடந்தது நாகர்கோவிலில்; சென்னையில் எதுவும் நடக்கவில்லை; எனவே சென்னை நீதிமன்றத்துக்கு இதை விசாரிக்க அதிகாரம் இல்லை என்று 2 நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது. புகாரை உரிய நீதிமன்றத்தில் கொடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்த வழக்கு முடிந்தது.

ஒரே மாநிலத்துக்குள்ளேயே இந்தப் பாடு என்றால், மாநிலம் விட்டு மாநிலம் வந்த பெண்ணின் கதி என்ன? வேறு சில வழக்குகளில் வேறு அமர்வுகள் மாறுபட்ட கருத்தையும் சொல்லியிருந்ததால் குழப்பம் நீடித்தது. கடைசியில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரூபாலி தேவி வழக்கில், அப்போதைய தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் தலைமையிலான 3 நீதிபதிகள் அமர்வு 2019 ஏப்ரல் 9-ம் தேதி முடிவு சொன்னது. கொடுமை காரணமாகக் கணவர் வீட்டை விட்டு வெளியேறிய, அல்லது துரத்தப்பட்ட பெண் எந்த ஊரில் தஞ்சம் அடைகிறாரோ, அந்த ஊர் நீதிமன்றமும் வழக்கை விசாரிக்கலாம் என்பதுதான் அது.

இதற்கு நீதிபதிகள் சொன்ன காரணம் முக்கியமானது. கொடுமை என்பது உடம்பில் பட்ட அடி மட்டும் இல்லை. மனதில் பட்ட காயம் பஸ் ஏறி வந்தவுடன் ஆறிவிடுவதில்லை. பிறந்த வீட்டிலும் அது தொடர்கிறது. அதனால் குற்றத்தின் விளைவு இந்த ஊரிலும் நடக்கிறது. விளைவு ஏற்பட்ட இடத்திலும் வழக்கை விசாரிக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-வது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. இப்போதைய புதிய சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) அது 199-வது பிரிவு.

ஆனால் தீர்ப்பில் ஒரு சின்ன வார்த்தை இருக்கிறது: "வழக்கின் உண்மைகளைப் பொறுத்து". புகார் எழுதும்போது பலர் கோட்டை விடுவது இங்கேதான். பெங்களூருவில் நடந்ததை 4 பக்கம் எழுதிவிட்டு, ஓசூருக்கு வந்த பிறகு நடந்ததைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். வந்த பிறகு கணவரோ மாமியாரோ போனில் மிரட்டினார்களா, பெற்றோர் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டார்களா, தூக்கம் இல்லாமல் டாக்டரைப் பார்த்தாரா, வேலைக்குப் போக முடியாமல் ஆனதா? நடந்தது எதுவோ அதைத் தேதியோடு எழுத வேண்டும். ஓசூரில் வழக்கு நிற்பதற்கு அந்த வரிகள்தான் அடித்தளம்.

'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' போட்டால் போதாதா?

இப்போது எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை இது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 173-வது பிரிவு சொல்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்றால், எண் இல்லாமல் பதிவு செய்து, எல்லைக்கு உட்பட்ட ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடுவது. அதாவது ஃபைல் கர்நாடகாவுக்குப் போய்விடும். விசாரணை அதிகாரி அங்கே, கோர்ட் அங்கே, ஆவணங்கள் கன்னடத்தில். சாட்சி சொல்ல அந்தப் பெண்தான் அலைய வேண்டும்.

ரூபாலி தேவி தீர்ப்பின்படி கேட்பது வேறு: ஓசூர் ஸ்டேஷனே தன் எண் போட்டு வழக்குப் பதிந்து, தானே விசாரிப்பது. உயிருக்கு ஆபத்து என்ற அவசரத்தில் ஜீரோ எஃப்.ஐ.ஆர். கைகொடுக்கும். பிறந்த வீட்டிலேயே தங்கப் போகிறவர், "இங்கேயே வழக்கு எண் போட்டு விசாரியுங்கள்" என்று புகாரிலேயே எழுதிக் கேட்பது நல்லது. எங்கே எஃப்.ஐ.ஆர். பதிவாகிறதோ அதை வைத்துத்தான் அடுத்தடுத்த எல்லாமே நடக்கும். ஓசூரில் பதிவானால் அதை ரத்து செய்யக் கேட்கும் கணவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். அத்திப்பள்ளியில் பதிவானால் எதிர்த்து நிற்க இவர் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

எதெல்லாம் கொடுமை?

1983-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 85, 86 என 2 பிரிவுகளாக இருக்கிறது. எண் மாறியதே தவிர விஷயம் அதேதான்: கணவருக்கும் அவர் உறவினர்களுக்கும் 3 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம்.

வரதட்சணை கேட்டால்தான் கேஸ் நிற்கும் என்பது தவறான எண்ணம். பெண்ணை உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டும் அளவுக்கோ, உடலுக்கும் மனதுக்கும் கடுமையான பாதிப்பு வரும் அளவுக்கோ வேண்டுமென்றே நடந்துகொள்வது தனியாகவே குற்றம். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் தெளிவாகச் சொன்னது. அதேபோல, "கல்யாணம் ஆகி 7 வருஷம் தாண்டிடுச்சு, இனி கேஸ் போட முடியாது" என்பார்கள். அந்த 7 ஆண்டுக் கணக்கு வரதட்சணை மரணம் போன்றவற்றுக்கு. கொடுமை வழக்குக்கு இல்லை. ஆனால் கடைசிச் சம்பவம் நடந்து 3 ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

மிரட்டல் வாய்ஸ் மெசேஜ்கள் இருந்தால் அழிக்காதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டு போனை மாற்றிவிடுவதும் தப்பு. அசல் போன் இருந்தால்தான் கோர்ட்டில் வலு.

எதிர்த்தரப்புக்கும் சட்டம் இருக்கிறது

எஃப்.ஐ.ஆர். போட்டவுடன் குடும்பத்தையே ஜீப்பில் ஏற்றுவார்கள் என்ற காலம் போய்விட்டது. 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில், தானாகக் கைது செய்யக் கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுத்து அழையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்றும் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆகவே ஓசூர் போலீஸ் முறைப்படி பெங்களூரு முகவரியில் நோட்டீஸ் சேர்க்க வேண்டியிருக்கும். நாள் ஆகும்; வழக்கை மூடிவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை.

பெங்களூருவில் இருக்கும் கணவர் அங்கேயே முன்ஜாமீன் கேட்க முடியுமா? இதே மாதிரி ஒரு வழக்கு நடந்திருக்கிறது. மனைவி ராஜஸ்தானில் புகார் கொடுக்க, கணவர் பெங்களூரு செஷன்ஸ் கோர்ட்டில் முன்ஜாமீன் வாங்கினார். ப்ரியா இந்தோரியா என்ற அந்த வழக்கில் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வேறு மாநில எஃப்.ஐ.ஆர். என்றால் குறுகிய கால இடைக்காலப் பாதுகாப்பு மட்டும் தரலாம், அதற்குள் எஃப்.ஐ.ஆர். பதிவான ஊர் கோர்ட்டுக்குப் போய்க்கொள்ள வேண்டும்.  ஓசூர் வழக்கு என்றால், கணவர் எப்படியும் இங்கே வந்துதான் ஆக வேண்டும்.

இன்னொன்று, புகாரில் பெயர் சேர்ப்பது. கோபத்தில் நாத்தனார், நாத்தனார் வீட்டுக்காரர், சித்தப்பா, சித்தி என்று எல்லோரையும் எழுதிவிடுகிறார்கள். யார், எப்போது, என்ன செய்தார் என்று இல்லாமல் பொத்தாம்பொதுவாகக் குற்றம் சாட்டப்பட்ட உறவினர்கள் மீதான வழக்குகளை உச்ச நீதிமன்றம் தொடர்ந்து ரத்து செய்கிறது. 2024 டிசம்பரில் தாரா லட்சுமி நாராயணா வழக்கிலும் அதைத்தான் செய்தது. செய்யாதவர் பெயரைச் சேர்ப்பது அவருக்கு அநியாயம். அதோடு, செய்தவர் மீதான வழக்கையும் அது பலவீனமாக்கும்.

புகாரை வாங்கவில்லை என்றால்?

அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் முதலில் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவது வழக்கம். 3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை நடத்தவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. பேசட்டும், தப்பில்லை. ஆனால் புகார் கொடுத்த அன்றே சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். அந்த ரசீது எஃப்.ஐ.ஆர். இல்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும். பதிவு செய்ய மறுத்தால் கிருஷ்ணகிரி எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லை என்றால் பிரமாணப் பத்திரத்துடன் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

தண்டனை வாங்கித் தருவதைவிட பாதுகாப்பும் ஜீவனாம்சமும்தான் இப்போதைக்குத் தேவை என்றால், 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் இன்னும் வசதி. பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ மனு போடலாம் என்று அதன் 27-வது பிரிவே சொல்கிறது. எல்லைப் பிரச்னை அங்கே எழாது. பெங்களூருவில் வேலை பார்த்துக்கொண்டு ஓசூரில் தங்கியிருப்பவர், 2 ஊரில் எது தோதோ அங்கே போடலாம். பாதுகாப்பு உத்தரவு நாடு முழுவதும் செல்லும்.

வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. பெண்கள் உதவி எண் 181. உடனடி ஆபத்து என்றால் 112.